'ஓடும் நீளம்' செய்யுள் சரியா? வேலையில் நீங்கள் நிஜமாகவே பயன்படுத்தும் பழைய சூத்திரங்கள் எவை?

வண்ணை மாலை வகுப்பு (இழை தொடங்கியவர்) | திங்கள், இரவு 9.10

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பையன் அப்பாவின் போனில் வந்த செய்தியைக் கொண்டுவந்து காட்டினான். உங்களில் பாதிப் பேருக்கு அது வந்திருக்கும். போதையனார் பாடியதாகச் சொல்லப்படும் செய்யுள், 'ஓடும் நீளம்' என்று தொடங்கும். செங்கோண முக்கோணத்தின் நெட்டைப் பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம்.

பையன் வகுப்பிலேயே போட்டுக் காட்டினான். 3, 4 எடுத்தான்: 3.5 + 1.5 = 5. சரி. 5, 12 எடுத்தான்: 10.5 + 2.5 = 13. அதுவும் சரி. "அப்புறம் எதுக்கு மிஸ் பிதாகரஸ்?" என்றான். நான் 1, 1 கொடுத்தேன். 0.875 + 0.5 = 1.375 வந்தது. வரவேண்டியது 1.414. அவன் முகம் வாடிவிட்டது. "தப்பு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு இடத்தில் அச்சாக வருகிற ஒன்று மூன்றாவது இடத்தில் ஏன் வழுக்குகிறது என்று நானே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், "பரீட்சை முடிஞ்சப்புறம் இதையெல்லாம் யாராவது தொடுவாங்களா மிஸ்?" நம் வடசென்னையில் பட்டறை, துறைமுகம், ஆஸ்பத்திரி, கட்டட வேலை என்று எல்லாத் தொழிலும் இருக்கிறது. இங்கே எழுதுகிறவர்களும் அந்த வேலைகளில் இருப்பவர்கள்தான். உங்கள் கையில் தினம் புழங்கும் சூத்திரம் எது, அது எந்த இடம் வரை தாங்குகிறது என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

மேஸ்திரி மகன், வியாசர்பாடி | திங்கள், இரவு 9.48

அக்கா, பிதாகரஸ் என்ற பெயரே தெரியாமல் நாற்பது வருஷம் அதை வைத்துச் சாப்பிட்டவர் என் அப்பா. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் நாலு முளை அடித்து நூல் கட்டுவார்கள் இல்லையா, அப்போது மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூலில் 3 அடி, இன்னொன்றில் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடிப்பார். 5 அடி வந்தால் மூலை மட்டம். இடம் இருந்தால் 6, 8, 10. முக்கோணம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு துல்லியம் என்பார்.

இந்தச் செய்யுளை நம்பி வேலை செய்தால் என்ன ஆகும் என்று இப்போது போட்டுப் பார்த்தேன். கால் கிரவுண்ட் மனை, 20க்கு 30. குறுக்களவு சரியாக 36.06 அடி. செய்யுள்படி 26.25 + 10 = 36.25. இரண்டே கால் அங்குலம் கூட. அந்த அளவுக்கு நூலை இழுத்துக் கட்டினால் 20 அடிச் சுவர் மறுமுனைக்குப் போகும்போது கிட்டத்தட்ட 3 அங்குலம் பக்கத்து மனைக்குள் சாய்ந்துவிடும். எங்கள் தெருவில் 3 அங்குலத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன் போனவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு இது ஆகாது.

கொருக்குப்பேட்டைத் தமிழ் | திங்கள், இரவு 10.15

இப்படி எடுத்த எடுப்பில் ஆகாது என்று தள்ளுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வர்க்கமூலம் எடுக்கக் காகிதமும் கால்குலேட்டரும் இல்லாத ஒருவன் மனக்கணக்காகவே பக்கத்தில் வந்துவிடுகிறான் என்றால் அது அறிவுதானே? கணக்கதிகாரத்தில் காரி நாயனார் வட்டத்தின் பரப்பைச் சொல்வதைப் பாருங்கள்: 'வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி'. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. இது தோராயம் இல்லை, முழுக்கச் சரி. பை என்ற எழுத்தே இல்லாமல் சொல்லியாயிற்று. கயிற்றால் சுற்றி அளந்தால் போதும். களத்து நெல் குவியலையும் கிணற்றையும் அளந்த மனிதருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்திருக்கிறார். அந்த மரபில் வந்த செய்யுளை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வண்ணை மாலை வகுப்பு | திங்கள், இரவு 10.31

ஐயா, லேசாக எடுத்திருந்தால் இழையே தொடங்கியிருக்க மாட்டேன். காரி நாயனார் சூத்திரத்தை நான் வகுப்பில் முதல் நாளே சொல்வேன். ஒரு தட்டு, ஒரு சணல் கயிறு, அவ்வளவுதான் வேண்டும். 'ஓடும் நீளம்' செய்யுளைப் பகிர்கிறவர்கள் யாரும் அது எந்தச் சுவடியில் இருக்கிறது என்று சொல்வதில்லை. அதனால் யார், எப்போது என்ற பேச்சை இங்கே விட்டுவிடுவோம். கணக்கை மட்டும் பார்ப்போம்.

நம் நாட்டுப் பழைய கணக்கு என்றாலே தோராயம் என்ற எண்ணமும் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. பௌதாயன சுல்ப சூத்திரத்தில் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குச் சொன்னது: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்று, அதில் நான்கில் ஒன்றைச் சேர்த்து, அதிலும் முப்பத்து நான்கில் ஒன்றைக் கழி. 577 ÷ 408. அதாவது 1.414215. உண்மை மதிப்பு 1.414213. செங்கல் அடுக்கி வேள்விக் குண்டம் கட்டியவர்களுக்கு அவ்வளவு துல்லியம் தேவைப்பட்டிருக்கிறது.

பெரம்பூர் அலைவரிசை | திங்கள், நள்ளிரவு 12.05

தூங்கப் போனவன் இதைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேலை ரேடியோ சிக்னல் செயலாக்கம். இந்தச் செய்யுள் சொல்கிற கணக்கை வேறு வேஷத்தில் நான் ஆபீஸில் பார்த்திருக்கிறேன்.

ஒரு ரேடியோ ரிசீவர் அலையை இரண்டு கூறாகப் பிரித்து வாங்கும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அளவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது அந்த இரண்டையும் பக்கங்களாகக் கொண்ட முக்கோணத்தின் கர்ணம். நொடிக்குப் பல லட்சம் முறை அதைக் கணக்கிட வேண்டும். சின்ன சிப்புக்கு வர்க்கமூலம் பெரிய சுமை. அதனால் காலங்காலமாக ஒரு குறுக்கு வழி இருக்கிறது: பெரியதில் ஒரு பின்னம், சிறியதில் ஒரு பின்னம், இரண்டையும் கூட்டு. எந்தப் பின்னங்கள் என்பதில் பல ஜோடிகள் உண்டு. அதில் ஒன்று எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும். அச்சாக இந்தச் செய்யுள்தான்.

ஏன் எட்டு? சிப் எண்களை இருமத்தில் வைத்திருக்கிறது. எட்டால் வகுப்பது என்றால் மூன்று இடம் தள்ளி எழுதுவது, பாதி என்றால் ஓர் இடம். பெருக்கலே கிடையாது. எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு என்று ஒரு மனிதனுக்குச் சொன்னது இயந்திரத்துக்கும் அப்படியே சுலபமாக இருக்கிறது.

ஆனால் நாங்கள் கூடவே ஒரு காவல் வைப்போம். குட்டைப் பக்கம் நெட்டையில் கால் பங்குக்கும் குறைவாக இருந்தால் சூத்திரத்தை விட்டுவிட்டு நெட்டையையே விடையாக எடுத்துக்கொள். இதைச் சேர்த்துவிட்டால் பிழை எந்த முக்கோணத்துக்கும் 3 சதவீதத்தைத் தாண்டாது. அலையின் வலுவைச் சொல்ல அது போதும். மேஸ்திரி மகன் சொன்ன மனை மூலைக்குப் போதாது. இரண்டு பேரும் சரிதான்.

காசிமேடு கரை | செவ்வாய், காலை 6.20

அந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்துக் கணக்கு ஒன்று. கடலில் அடிவானம் எவ்வளவு தூரம்? கண் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். படகில் நிற்பவர் கண் 4 மீட்டர் என்றால் 7.1 கி.மீ. கரையில் 36 மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதன் பங்கு 21.4. இரண்டையும் கூட்டி 28.5 கி.மீ தொலைவில் விளக்கு கண்ணில் தட்டும். காற்று ஒளியை வளைப்பதால் இன்னும் கொஞ்சம் தள்ளியே தெரிய ஆரம்பிக்கும்.

இதுவும் பிதாகரஸ்தான். பூமியின் ஆரம் 6371 கி.மீ ஒரு பக்கம், அடிவானத் தூரம் இன்னொரு பக்கம், ஆரமும் கண் உயரமும் சேர்ந்தது கர்ணம். இதில் செய்யுளைப் போட்டால் கர்ணம் 5578 கி.மீ வருகிறது. கர்ணம் பக்கத்தைவிடச் சின்னது! ஒல்லியான முக்கோணத்துக்கு இந்தக் கணக்கு ஆகவே ஆகாது.

டேங்கர் பாடி, மாதவரம் | செவ்வாய், காலை 8.02

நான் பத்தாவதோடு பட்டறைக்கு வந்தவன். தண்ணி லாரிக்கு டேங்க் கட்டுவது என் தொழில். மேடம், உங்கள் பிள்ளைகளுக்கு என் கணக்கைச் சொல்லுங்கள்.

தண்ணி லாரி டேங்கைப் பின்னால் இருந்து பார்த்தால் வட்டம் இல்லை, அமுங்கின முட்டை மாதிரி. நீள்வட்டம். பாரம் தாழ இருந்தால்தான் லாரி திருப்பத்தில் சாயாது. அகலம் 2.2 மீட்டர், உயரம் 1.4 மீட்டர், நீளம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு லேசு: அரை அகலம் 1.1, அரை உயரம் 0.7, பெருக்கி 3.1416 ஆல் பெருக்கினால் 2.42 சதுர மீட்டர். ஐந்தால் பெருக்கினால் 12 கனமீட்டர் சொச்சம். அதுதான் 12 ஆயிரம் லிட்டர் லாரி.

வம்பு பிளேட் வெட்டும்போதுதான். ரோலிங்குக்கு அனுப்பும் தகடு எத்தனை மீட்டர் நீளம்? நீள்வட்டத்தின் சுற்றளவு வேண்டும். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் இரண்டு அரையையும் கூட்டி 3.1416 ஆல் பெருக்குவார். 5.655 மீட்டர் வரும். ஒவ்வொரு டேங்கிலும் கடைசி ஜாயிண்டில் 7 செ.மீ இடைவெளி வாய் பிளக்கும். பட்டை வைத்து வெல்டிங் அடிப்போம். பின்னால் ஒழுகுவது அந்தப் பட்டையில்தான்.

பல வருஷம் கழித்து ஓர் இன்ஜினியர் சார் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு அரையின் கூட்டலை மூன்று மடங்காக்கு: 5.4. அப்புறம் பெரியதை மூன்று மடங்காக்கிச் சின்னதைக் கூட்டு, 4.0. சின்னதை மூன்று மடங்காக்கிப் பெரியதைக் கூட்டு, 3.2. இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடு, 3.5777. அதை 5.4 இலிருந்து கழித்து 3.1416 ஆல் பெருக்கு. 5.725 மீட்டர். அன்று வெட்டின தகடு முனையோடு முனை வந்து உட்கார்ந்தது. தடிப்புக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றபடி ஒரு மில்லிமீட்டர் பிசகு கிடையாது.

அந்தச் சீட்டு இன்னும் பட்டறைச் சுவரில் இருக்கிறது. யார் சூத்திரம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?

பெரம்பூர் அலைவரிசை | செவ்வாய், காலை 8.40

அண்ணே, அது ராமானுஜன் சூத்திரம். 1914இல் பை மதிப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் கடைசிப் பகுதியில் வருகிறது. நீள்வட்டச் சுற்றளவுக்குச் சின்னதாக, முடிவுள்ள, சரியான சூத்திரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. முடிவில்லாத தொடர்தான் உண்டு. அதனால் தோராயம்தான் வழி. ராமானுஜன் தந்த தோராயம் உங்கள் டேங்க் அளவுக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் பிசகும். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர் 1912 மார்ச் முதல் தேதி மதராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். வீடு ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில். நாம் தினமும் பஸ்ஸில் கடக்கிற இடங்கள்.

டேங்கர் பாடி, மாதவரம் | செவ்வாய், காலை 8.55

என் சுவரில் இத்தனை வருஷமாக ராமானுஜன் கையெழுத்து இல்லாமல் இருந்திருக்கிறார். இன்றைக்கே பெயரை எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று, இது தண்ணி வாங்குகிறவர்களுக்கு. டேங்குக்குள் குச்சி விட்டு அளக்கும்போது பாதி உயரம் நனைந்தால் பாதித் தண்ணி, அது சரி. கால் உயரம் நனைந்தால் கால் பங்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அடி குறுகலாக இருப்பதால் 19.6 சதவீதம்தான். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 3000 என்று நினைப்பது 2350தான். வட்டமோ நீள்வட்டமோ இந்தக் கணக்கு மாறாது.

கோடம்பாக்கம் போன கொடுங்கையூர்க்காரி | செவ்வாய், பகல் 1.15

பத்து வருஷத்துக்கு முன்னால் அப்பா சின்ன மனை ஒன்று வாங்கினார். சந்து கோணலாகப் போவதால் மனையும் கோணல். முன்பக்கம் 20 அடி, பின்பக்கம் 24, ஒரு பக்கம் 35, மறுபக்கம் 30. விற்றவர் எதிரெதிர் பக்கங்களின் சராசரியைப் பெருக்கினார். 22 × 32.5, 715 சதுர அடி. அப்பாவும் பணம் கொடுத்துவிட்டார். வீடு கட்டும்போது குறுக்கே அளந்தால் 33 அடி. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். மனையை இரண்டு முக்கோணமாக்கி ஹெரான் சூத்திரம் போட்டேன். 20, 35, 33 ஒரு முக்கோணம், 323 சதுர அடி. 24, 30, 33 இன்னொன்று, 347. மொத்தம் 670. நாற்பத்தைந்து சதுர அடிக்குச் சும்மா காசு கொடுத்திருக்கிறோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை மட்டும் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அந்தச் சராசரி முறை இன்று நேற்று வந்ததில்லை. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் நிலக் கணக்கு அப்படித்தான் செதுக்கியிருக்கிறது. அது செவ்வகத்துக்கு மட்டும் சரி. மற்ற எந்த நாற்பக்கத்துக்கும் பரப்பைக் கூட்டித்தான் காட்டும், ஒருபோதும் குறைக்காது. அதனால் விற்பவருக்கு எப்போதும் லாபம். பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கோணல் மனை என்றால் நாலு பக்கம் போதாது, ஐந்தாவதாகக் குறுக்களவு வேண்டும். நாலு பக்கமும் மாறாமல் மனை மட்டும் நசுங்கலாம்.

எண்ணூர் டிராஃப்ட் | செவ்வாய், இரவு 8.20

எனக்கு வேலை நிலக்கரிக் கப்பல்களில் சர்வே. ஒரு கப்பலில் எத்தனை டன் வந்திருக்கிறது என்று எடை மேடையில் ஏற்றிப் பார்க்க முடியாது. ஆர்க்கிமிடீஸ்தான் எடை மேடை. கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று இறக்கும் முன்னாலும் பின்னாலும் படித்து, வித்தியாசத்திலிருந்து எடை. படகில் உட்கார்ந்து கப்பலைச் சுற்றி ஆறு இடத்தில் எண்களைப் படிப்போம்: மூக்கில் இரண்டு பக்கம், நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. தண்ணீரை வாளியில் மொண்டு அடர்த்தியும் பார்ப்போம். கடல் தண்ணீர் கனமீட்டருக்கு 1.025 டன் என்பது ஏட்டில். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்தால் குறையும்.

இங்கே ஒரு சூத்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கப்பல் நேர்க்கோடு இல்லை. நடுவில் பாரம் அதிகமானால் வயிறு தொங்கும். மூக்கில் 10.20 மீட்டர், பின்னால் 10.60, நடுவில் 10.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைகளின் சராசரி 10.40. நடுவில் 10 செ.மீ தொங்கியிருக்கிறது. எதை எடுப்பது? நாங்கள் முன்னையும் பின்னையும் ஒருமுறை, நடுவை ஆறுமுறை கூட்டி எட்டால் வகுப்போம். 10.475.

சிம்ப்சன் விதி படித்தவர்கள், நடுவை நாலுமுறை கூட்டி ஆறால் வகுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். பெட்டி மாதிரியான மிதவைக்கு அதுதான் சரி. கப்பலோ இரண்டு முனையிலும் ஒல்லி, நடுவில் அகலம். நடுவில் ஒரு செ.மீ அமிழ்வது அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது. அதனால் நடுவுக்கு எடை கூட்டினார்கள். சூத்திரம் கப்பலின் வடிவத்தைப் பார்த்து வளைந்து கொடுத்திருக்கிறது.

இதில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பாருங்கள். இந்த அளவுக் கப்பல் ஒரு செ.மீ அமிழச் சுமார் 65 டன் வேண்டும். 10.40க்கும் 10.475க்கும் இடையில் ஏழரை செ.மீ. 490 டன் நிலக்கரி. அலை அடிக்கும்போது எண் படிப்பதில் ஒரு செ.மீ தவறினாலே 65 டன் போச்சு. அதனால் சூத்திரத்தை நாலாவது தசமம் வரை போட்டுப் பெருமைப்படுகிற புதுப் பையன்களைப் படகில் கூட்டிப்போய் அலையைக் காட்டுவேன்.

நைட் டியூட்டி, திருவொற்றியூர் | புதன், காலை 7.30

இரவு வேலை முடித்துவிட்டு வந்து படித்தேன். நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்களுக்கு வர்க்கமூலம் மருந்தில் வருகிறது. புற்றுநோய் மருந்துகள் பலவற்றுக்கு உடல் பரப்பை வைத்து அளவு. உயரத்தையும் (செ.மீ) எடையையும் (கிலோ) பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம். 162 செ.மீ, 50 கிலோ என்றால் 8100 ÷ 3600 = 2.25, விடை 1.5 சதுர மீட்டர். 1987இல் மோஸ்டெல்லர் என்பவர் இப்படிச் சுருக்கித் தந்தார். அதற்கு முன்னால் 1916இல் டு போயிஸ் இருவர் தந்தது பின்ன அடுக்குகள் உள்ள சூத்திரம். அதே ஆளுக்கு 1.51 தரும். ஒன்பது பேரின் உடலை அளந்துதான் அதை உருவாக்கினார்கள். ஒன்பதே பேர்! அதுவும் இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. குண்டானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் எது பொருந்தும் என்று இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தினமும் செய்வது டிரிப் கணக்கு. 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விடும் செட். 10,000 சொட்டு, 240 நிமிடம், நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கு மில்லிக்கு 60 சொட்டு விடும் சின்ன செட் போடுவோம். அதில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ மணிக்கு அத்தனை மில்லி, கணக்கே வேண்டாம். 60ஐ யார் தேர்ந்தெடுத்தார்களோ அவர்களுக்கு நான் பல இரவுகள் நன்றி சொல்லியிருக்கிறேன்.

விபத்து கேஸ் வந்தால் ரோஸ் நிற ஊசி போதாது, தடிமனான சாம்பல் நிறம் கேட்பார்கள். புவாசேய் விதிப்படி குழாயின் ஆரம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு. நடைமுறையில் அவ்வளவு வராது. மேலே இருக்கிற குழாயும் தடை செய்யும், வேகமாகப் போகும்போது ஓட்டம் சீராகவும் இருக்காது. ஆனாலும் எந்தப் பக்கம் கை போக வேண்டும் என்று அந்த விதி சொல்லிவிடுகிறது.

தண்டையார்பேட்டை சுயஉதவி | புதன், காலை 11.05

எங்கள் மகளிர் குழுவில் நான் 72 விதியைத்தான் சொல்லித் தருகிறேன். வட்டி வீதத்தால் 72ஐ வகுத்தால் பணம் இரட்டிக்கும் காலம். 1494இல் பச்சியோலி எழுதிய இத்தாலியக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. மூணு பைசா வட்டி என்றால் மாதம் 3 சதவீதம். வட்டிக்கு வட்டி ஏறினால் 24 மாதத்தில் கடன் இரண்டு மடங்கு. பத்துப் பைசா வட்டி என்றால் ஏழே மாதம். இதைச் சொன்னதும் ஒரு அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். அவர் பத்துப் பைசாவுக்கு வாங்கியிருந்தார். அடுத்த வாரம் குழுவிலிருந்து கடன் எடுத்து அதை அடைத்தார். வீதம் ரொம்ப ஏறினால் இந்த விதி நேரத்தைக் குறைத்துக் காட்டும், ஆனால் நம் தெருவில் புழங்கும் வட்டிக்கு இது போதும்.

வண்ணை மாலை வகுப்பு | வியாழன், இரவு 9.25

எல்லாவற்றையும் நேற்றும் இன்றும் வகுப்பில் படித்தேன். டேங்கர் அண்ணன் கதைக்குக் கைதட்டினார்கள். மனை கதைக்கு யாரும் பேசவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு இடத்தில் மட்டும் ஏன் அச்சாக வந்தது? பெரம்பூர் சார் எழுதியதைப் பார்த்த பிறகு, செய்யுளின் விடையும் உண்மையான விடையும் எங்கே சமமாகும் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். நெட்டைப் பக்கம் 1, குட்டைப் பக்கம் 'க' என்று வைத்தோம். எட்டில் ஏழும் 'க'வில் பாதியும் சேர்ந்தது ஒரு பக்கம், 1 + க² இன் வர்க்கமூலம் மறுபக்கம். இரண்டையும் வர்க்கமாக்கி, 64 ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால்:

48க² − 56க + 15 = 0

பத்தாம் வகுப்புப் பாடத்தில் வருகிற சாதாரண இருபடிச் சமன்பாடு. தன்மைகாட்டி 3136 − 2880 = 256, அதன் மூலம் 16. ஆகவே க = 72 ÷ 96 அல்லது 40 ÷ 96. சுருக்கினால் 3/4, 5/12.

செய்தியைக் கொண்டுவந்த அதே பையன்தான் முதலில் பார்த்தான். "மிஸ், 3-4-5, 5-12-13! இந்த ரெண்டுதான், வேற எதுவுமே இல்ல!" உண்மைதான். இந்த இரண்டு முக்கோணத்துக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டும் செய்யுள் முழுக்கச் சரி. இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் கொஞ்சம் கூடக் காட்டும், அதிகபட்சம் 0.8 சதவீதம்கூட இல்லை. வியாசர்பாடித் தம்பியின் 20க்கு 30 மனை அங்கேதான் விழுகிறது, அதனால்தான் கூட வந்தது. இரண்டுக்கும் வெளியே குறைத்துக் காட்டும். பரீட்சைப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வருவது இந்த இரண்டு முக்கோணங்கள்தான் என்பதால் போட்டுப் பார்ப்பவர் எல்லோருக்கும் சரியாகவே வருகிறது, மறுபடி பகிர்கிறார்கள்.

இதை யார் செய்திருந்தாலும் தற்செயலாகச் செய்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. எட்டில் ஏழு, இரண்டில் ஒன்று என்ற இரண்டே பின்னங்களால் மிகவும் பழக்கமான இரண்டு முக்கோணங்களையும் ஒரே நூலில் கோத்திருக்கிறார்.

கொருக்குப்பேட்டைத் தமிழ் | வியாழன், இரவு 9.50

அம்மா, இதைவிட அந்தச் செய்யுளுக்கு மரியாதை யாரும் செய்ய முடியாது. இனி நான் பகிரும்போது கூடவே எழுதிவிடுகிறேன்: 3-4-5க்கும் 5-12-13க்கும் முழுக்கச் சரி, குட்டை நெட்டையில் கால் பங்குக்குக் குறைந்தால் பயன்படுத்தாதே.

மேஸ்திரி மகன், வியாசர்பாடி | வியாழன், இரவு 10.02

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நான் அந்த மூணு நாலு அஞ்சோடயே நின்னுட்டேன், அதான் எனக்குத் தப்பே வரல" என்றார். 5-12-13ஐ நீளமான காம்பவுண்டுச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாமே என்று இப்போது டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறார்.

டேங்கர் பாடி, மாதவரம் | வியாழன், இரவு 10.20

மேடம், வரும் ஞாயிறு காலை புது டேங்குக்குத் தகடு வெட்டுகிறோம். ரோலிங் முடிந்து முனை சேர்கிற நேரம் பத்து, பத்தரை ஆகும். பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். அளவை அவர்களே போடட்டும், அவர்கள் சொல்கிற நீளத்துக்கே வெட்டுகிறேன். ராயபுரத்தில் பி.கே.சீனிவாசன் சார் முயற்சியில் வந்த ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறதாமே, பட்டறைக்கு வருவதற்கு முன்னால் ஒருநாள் அதையும் காட்டிவிடுங்கள். கால் முழுக்க மூடுகிற ஷூ போட்டு வரச் சொல்லுங்கள், தரையெல்லாம் இரும்புத் தூள். வெல்டிங் அடிக்கும்போது யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, நாலு கண்ணாடிதான் இருக்கிறது.

வண்ணை மாலை வகுப்பு | வியாழன், இரவு 10.24

பதினொரு பேர் வருகிறோம் அண்ணே. கண்ணாடியை முறை வைத்து மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.